திட்ட மேலாளர்க்குச் சான்றிதழ் எதற்கு?

(கொள்ளேகாலில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியமும் இசையும் நாடகமும் நடைபெறுதல் முறை. அவற்றில் வல்லவர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் கடைநிலைப் பணியாளனாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதி எழுத்தராகிய எனக்குச் செயலாளர் அவர்கள் பிழைப்பைப் பற்றிய பொருளொன்றைத் தந்தார். நம் காலனியின் பிள்ளைகள் பலர் மைசூரிலும் பெங்களூரிலும் கம்பெனிகளில் வேலை பார்க்கின்றனர். சிலர் கட்டட வேலைகளை மேற்பார்க்கின்றனர். ‘திட்ட மேலாளர் சான்றிதழ்’ என்று ஒன்றைப் பலரும் சொல்கின்றனர். பணம் செலவழித்து அதைப் பெறுவதால் உண்மையில் பயன் உண்டா என்று அவர்கள் கேட்கின்றனர். அக்கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், திட்டம் என்பது யாது? தொடக்கமும் முடிவும் உடையதாய், இன்ன தொகைக்குள், இன்ன நாளுக்குள், இன்ன தரத்தில் முடிக்கவேண்டிய வேலையே திட்டம். நாள்தோறும் ஓடும் இரயில் வண்டி திட்டமன்று. அது நடைமுறைப் பணி. அவ்வண்டி ஓடுவதற்குப் புதிய பாதை அமைப்பது திட்டம். நம் வீடுகளில் நடைபெறும் பெருந்திட்டம் திருமணம். முகூர்த்தம் என்பது மாற்ற இயலாத கெடு. மண்டபம் கிடைத்தாலன்றி அழைப்பிதழ் அச்சிட இயலாது. அழைப்பிதழ் வந்தாலன்றி உறவினரை அழைக்க இயலாது. ஆனால் பட்டுப் புடவை எடுப்பதும் நகை செய்வதும் மண்டபத்துக்காகக் காத்திரா. அவை பக்கத்திலேயே நடைபெறலாம். எந்தச் சங்கிலியில் ஒரு நாள் தாமதமானாலும் முழு வேலையும் தாமதமாகுமோ, அந்தச் சங்கிலியை முதலில் கண்டுபிடித்துக் காப்பவரே நல்ல மேற்பார்வையாளர். நம் வீட்டுப் பெரியம்மாக்கள் எழுத்தில்லாமலே இதனை அறிவர். மேனாட்டார் 1950களின் பிற்பகுதியில் தொழிற்சாலைப் பராமரிப்புக்கும் கடற்படையின் ஏவுகணைத் திட்டத்துக்கும் இதே கணக்கைத் தாளில் வரைந்து, ‘நெருக்கடிப் பாதை’ என்ற பொருளில் பெயரிட்டு, ஒரு சாத்திரமாக வகுத்தனர்.

‘சான்றிதழ் இல்லாமலே பெரிய வேலைகள் முடியவில்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கொள்ளேகாலுக்கு அருகிலேயே அதற்குச் சான்று உண்டு. சிவனசமுத்திர நீர்வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் பணி திவான் சேஷாத்ரி அய்யர் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் அதனை முன்னின்று நடத்தினார். 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அச்சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான தமிழர் உழைத்தனர் என்பது நாம் நினைக்கத்தக்கது. திவான் அவர்கள் 1901இலேயே மறைந்துவிட்டார். தொடங்கியவர் இல்லாதபோதும் வேலை நிற்கவில்லை. ஒரு மனிதரையே நம்பியிராமல், திட்டமாக வகுத்து நடத்திய பணிக்கு அதுவே அடையாளம்.

மற்றொன்று, எங்கள் இரயில்வேயில் இன்றும் பெருமையோடு பேசப்படுவது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெரும்புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது. அதைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று முதலில் கெடு வைத்தனர். மேலதிகாரி அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். அப்பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் அவர்கள், கடலில் விழுந்த கர்டர்களை மீட்டுப் பயன்படுத்தி, 46 நாளில் பாலத்தைச் செப்பனிட்டு முடித்தார். திட்ட மேலாண்மைக்கென்று அமெரிக்காவில் ‘ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிட்யூட்’ என்ற சங்கம் தோன்றியதே 1969இல்தான். அச்சங்கம் சான்றிதழ்த் தேர்வை நடத்தத் தொடங்கியது 1984இல். ஆகவே, ஆற்றல் முந்தியது, சான்றிதழ் பிந்தியது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால், நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீதரன் அவர்கள் கையில் அப்பொறுப்பை ஒப்படைத்தவர் யார்? அவர் படிப்பையும் பணியையும் அறிந்த இலாகா. அவருக்குச் சான்று இல்லாமல் இல்லை. இலாகாவே சான்றாக நின்றது. தன்னை அறிந்தோர் நடுவே வேலை செய்பவனுக்குத் தாள் வேண்டா. அறியாதார் நடுவே சென்று நிற்பவன் எதைக் காட்டுவான் என்பதே நம்முடைய கேள்வி.

இரயில்வேயில் இதற்கொரு முறை உண்டு. தேர்வில் தேறி நிலைய அதிகாரியாக வந்தவரையும் உடனே தனியே பணியில் அமர்த்துவதில்லை. அந்த நிலையத்தின் பணி விதிகளைப் படித்து, அறிந்துகொண்டதாகப் புத்தகத்தில் கையொப்பம் இட்ட பின்னரே பொறுப்பேற்கலாம். வண்டி ஓட்டுபவர் எத்துணை அனுபவசாலியாயினும், புதிய பாதையில் பலமுறை உடன் சென்று, வளைவும் ஏற்றமும் சிக்னலும் எங்கெங்கே உள்ளன என்று கற்ற பின்னரே அப்பாதையில் தனியே ஓட்டலாம். வண்டிகளின் ஓட்டத்தோடு தொடர்புடைய பணியில் இருப்போர்க்குத் தகுதிச் சான்று உண்டு. குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் பயிற்சிக்குச் செல்லவும் வேண்டும். இதனை ஒருவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. அவருக்கு உரியது திறமை. அவரை நம்பி வண்டியில் தூங்கும் ஆயிரம் பேருக்கு உரியது சான்று.

இம்முறை அயல்நாட்டாரிடமிருந்து வந்ததென்றும் எண்ணவேண்டா. உத்திரமேரூரிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊர் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு இன்ன வயது, இன்ன சொத்து, இன்ன கல்வி வேண்டும் என்று வரையறுக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது என்றும் அது விலக்குகிறது. ஏரியையும் தோட்டத்தையும் மேற்பார்ப்பவர்க்குத் தகுதி வேண்டும், செய்த வேலைக்குக் கணக்கு வேண்டும் என்னும் இரண்டையும் நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே கல்லில் வெட்டி வைத்தனர். இன்றைய சான்றிதழ்கள் கேட்பனவும் ஏறக்குறைய இவ்விரண்டே.

இனி, இது நமக்கு ஏன் மற்றவரினும் மிகுதியாக வேண்டும் என்பதைக் கூறுகிறேன். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. ஆகவே நம்முள் சில குடும்பங்கள் ஊரை விட்டு வரவில்லை. எல்லைதான் இடம் பெயர்ந்தது. மற்றையோர் பட்டுத் தொழிலையும் கல் வேலையையும் கட்டட வேலையையும் உத்தியோகத்தையும் நாடி வந்தோம். கன்னட மக்கள் நம்மை அன்போடு ஏற்றனர். ஆயினும் வேலை தேடிப் பெங்களூர் சென்று நிற்கும் நம் பிள்ளைக்கு, ‘இவன் இன்னார் மகன், இன்ன கோயில் மண்டபத்தைக் கட்டியவன்’ என்று சொல்ல அங்கே யார் இருக்கின்றனர்? சொந்த ஊரில் ஊரே சாட்சி. வெளியூரில் சாட்சியை நாமே கையில் எடுத்துச் செல்லவேண்டும். சான்றிதழ் என்பது பெயர்த்து எடுத்துச் செல்லத்தக்க சாட்சி.

நாற்பது ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரிகளை நாம் அறிவோம். சிமெண்ட் எப்போது வரவேண்டும், கம்பி எவ்வளவு வேண்டும், மழை வந்தால் எந்த வேலையை உள்ளே தள்ளவேண்டும் என்பனவெல்லாம் அவருக்குக் கரதலப் பாடம். ஆனால் ‘சைட் மேனேஜர்’ என்ற பதவி வரும்போது, அவரிடம் வேலை கற்ற வேறொருவர் தாளைக் காட்டி அந்நாற்காலியில் அமர்கிறார். மேஸ்திரிக்குச் சம்பளம் பழையது. பொறுப்பு மட்டும் புதியது. இது பல இடங்களில் நிகழ்வது. இதற்கு மருந்து புலம்பலன்று. செய்த வேலையைப் பிறர் ஒப்பும் வகையில் எழுத்தாக்கிக் கொள்வதே.

எவ்வகைச் சான்றிதழ்கள் உள்ளன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கூறிய அமெரிக்கச் சங்கத்தின் ‘பி.எம்.பி.’ என்பது உலகில் பரவலாக அறியப்பட்டது. பட்டம் பெற்றவராயின் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும், மேனிலைப் பள்ளிப் படிப்பளவே உள்ளவராயின் 60 மாத அனுபவமும் அது கேட்கிறது. அதனோடு 35 மணி நேர வகுப்பும் வேண்டும். கல்லூரிக்குச் செல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர் செலுத்தவேண்டிய விலை இன்னும் இரண்டாண்டு அனுபவம். 2021இல் வந்த தேர்வு முறைப்படி 180 வினாக்கள், 230 நிமிடங்கள். அம்முறையில் நூற்றுக்கு 42 பங்கு வினாக்கள் மனிதர்களை நடத்துவது பற்றியவை. கணக்கும் அட்டவணையும் மட்டுமே மேற்பார்வை என்று எண்ணுவோர்க்கு இது ஒரு பாடம். தேறினாலும் அது நிலையான சொத்தன்று; மூன்றாண்டுக்கு ஒருமுறை, தொடர்ந்து கற்றதற்குக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும்.

அனுபவம் போதாத இளைஞர்க்கு அதே சங்கத்தில் ‘சி.ஏ.பி.எம்.’ என்னும் தொடக்கநிலைத் தேர்வு உண்டு. இங்கிலாந்தில் 1996இல் வெளிவந்த ‘பிரின்ஸ்-டூ’ என்னும் முறைக்கும், 1965இல் ஐரோப்பாவில் தோன்றிய ‘ஐ.பி.எம்.ஏ.’ சங்கத்தின் நான்கு படிநிலைகளுக்கும் தனித்தனிச் சான்றுகள் உள்ளன. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் நிதி ஆயோக்கும் இந்தியத் தர மன்றமும் சேர்ந்து திட்ட மேலாண்மைக்கான தேசியக் கொள்கை வரைவை வெளியிட்டன. உட்கட்டமைப்புத் துறைக்கென்று ஓர் அறிவுத் தொகுப்பு நூலும் அப்போது வந்தது. பள்ளிப் படிப்பும் குறைவாக உள்ள கைத்தொழிலாளர்க்கு, 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில், முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு அமைந்தது. கொத்தனார், கம்பி கட்டுபவர் முதலியோர்க்கு அது முதற்படி.

சான்றிதழால் விளையும் பயன்கள் யாவை? முதலாவது, பொதுமொழி. வேலையின் எல்லை, கெடு, செலவு, இடர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லும் ஒரு முறையும் கற்பதால், சென்னையில் பயின்றவரும் துபாயில் பயின்றவரும் முதல் நாளே ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர்.

இரண்டாவது, நுழைவாயில். கம்பெனிகள் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை முதலில் தாளைப் பார்த்தே கழிக்கின்றன. பணியைச் சான்றிதழ் வாங்கித் தராது. ஆனால் நேர்முகத்துக்கு அழைக்கப்படுவோர் வரிசையில் நிற்க இடம் வாங்கித் தரும். குழந்தைப் பேற்றுக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்ட நம் பெண்மக்கள் மீண்டும் செல்லும்போது, ‘இவர் மறந்திருப்பார்’ என்னும் ஐயத்தைப் போக்கவும் அது உதவும்.

மூன்றாவது பயனை நான் மற்ற இரண்டினும் மேலாக மதிக்கிறேன். அது, ‘இயலாது’ என்று காரணத்தோடு சொல்லும் துணிவு. ஓர் எடுத்துக்காட்டு: கான்கிரீட் தளத்தின் கீழே நிற்கும் முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பதற்கு இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456, கணக்கு வைத்திருக்கிறது. சாதாரண சிமெண்டும் வெப்பமான பருவமும் என்று கொண்டால், 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள். அதற்கு மேற்பட்டால் 14 நாள். கெடு நெருங்குகிறது, முட்டை நாளைக்கே எடு என்று முதலாளி நெருக்கும்போது, முறையாகக் கற்றவர் என்ன செய்வார்? விதியைக் காட்டுவார், தாமதத்தை வேறு எந்த வேலையில் ஈடு செய்யலாம் என்று அட்டவணையை விரித்துக் காட்டுவார், அப்பேச்சை எழுத்திலும் பதிவு செய்வார். கல்லாதவர் ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டுமே சொல்ல முடியும். அச்சொல் முதலாளியின் காதில் ஏறாது. அத்தளத்தின் கீழே நிற்பவர் நம் அண்ணன் தம்பியர் அல்லரோ? மேற்பார்வைக் கல்வி உயிரோடு தொடர்புடையது என்று நான் கூறுவது இதனால்தான்.

சான்றிதழ் தராதவை எவை என்பதையும் சொல்லுதல் கடமை. அது நேர்மையைத் தராது. ஆட்களோடு வெயிலில் நிற்கும் பொறுமையைத் தராது. சம்பளம் உடனே இரட்டிப்பாகும் என்று விளம்பரம் செய்வோரை நம்பாதீர். வகுப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்தால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும்; வட்டிக்கு வாங்கிக் கட்டவேண்டா. சில கம்பெனிகள் தேறியவர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. முதலில் அதனை விசாரியுங்கள். ‘தேர்வு எழுதாமலே வாங்கித் தருகிறோம்’, ‘உறுதியாகத் தேற வைப்போம்’ என்போரிடம் பணம் கொடுப்பது, அச்சடித்த பொய்யை விலைக்கு வாங்குவதாகும். பி.எம்.பி. சான்று பெற்றவர் பட்டியலை அச்சங்கமே வைத்திருக்கிறது. பொய் ஒரு நாள் வெளிப்படும், அன்று உண்மையான அனுபவமும் சேர்ந்து அழியும். விதிகளும் காலந்தோறும் மாறுவன. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நிறுவனம் தானே வெளியிடும் கையேட்டைப் படித்துத் தெளிக.

இறுதியாக, இன்றே செய்யத்தக்க ஒரு காரியம் சொல்கிறேன். அதற்குக் கட்டணமில்லை. மேற்பார்வை வேலையில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த வேலை, எந்த ஊர், எந்த நாளில் தொடக்கம், எந்த நாளில் முடிவு, எத்தனை ஆட்கள், மதிப்பீடு எவ்வளவு, உண்மையில் ஆன செலவு எவ்வளவு, இடையில் வந்த தடை யாது, அதனை எவ்வாறு தீர்த்தீர் என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் முதலாளியிடமோ பொறியாளரிடமோ நான்கு வரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டால் அவர் ஊர் மாறியிருப்பார். கம்பெனியே இல்லாமற் போயிருக்கும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவத்தை மாதக் கணக்கில், வேலை வேலையாக எழுதிக் காட்டவேண்டும். அச்சங்கம் சிலரைத் தேர்ந்தெடுத்து ஆதாரம் கேட்டுச் சோதிப்பதும் உண்டு. நோட்டு உள்ளவர்க்கு அது அரை நாள் வேலை. இல்லாதவர்க்குப் பத்தாண்டு உழைப்பும் காற்றில் எழுதிய எழுத்து. தேர்வே எழுதாவிட்டாலும் அந்நோட்டு வீண் போகாது. அடுத்த வேலைக்கு மதிப்பீடு போடும்போது அதனினும் நல்ல ஆசிரியர் கிடையாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இத்தேர்வு தமிழில் நடைபெறுவதில்லை. ஆங்கிலம் தடையாக நிற்கும் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இரண்டு மணி நேரம் நம் சங்கக் கட்டடத்திலேயே வகுப்பு வைக்கலாம். பெங்களூரில் இச்சான்று பெற்றுப் பணியாற்றும் நம் காலனிப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை வந்து தமிழில் விளக்கட்டும். மேஸ்திரிகள் தம் அனுபவத்தைச் சொல்லட்டும். படித்தவர் அதனைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும். படித்தவர்க்கு வேலை தெரியும். வேலை செய்தவர்க்கு எழுத்து வரும். அவ்வகுப்புக்கான பெயர்ப் பட்டியலையும் நாற்காலிகளையும் கவனிக்கும் எழுத்தர் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

உழைப்பில் நாம் எவர்க்கும் குறைந்தவரல்லர். அவ்வுழைப்புக்குப் பிறர் ஏற்கும் சான்றும் சேருமாயின், வந்த நாட்டில் நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நிற்பர். அவர்கள் மேற்பார்வையில் எழும் கட்டடங்களும் உறுதியாய் நிற்கும்.